கால்டோப்போவின் சாய்வு நிற வரைபடம்: சிவப்பை விட்டு விலகினால் மட்டும் போதாது

கனடாவின் கால்கரி பக்கம் இருக்கும் நம்மவர்கள் குளிர்காலத்தில் ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலமான மிதியடி) மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் யாராவது உறைந்த ஏரியின் படம் ஒன்றைப் போட்டால் அடுத்த சனிக்கிழமையே நான்கு கார்கள் புறப்படுகின்றன. எனக்கு இது மிகவும் பிடித்த மாற்றம். ஆறு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "இங்கே பனிச்சரிவு வருமா?" என்று கேட்பவர்கள் குறைவு, கேட்டாலும், "பாதை தட்டையாகத்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்று யாராவது பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில் தவறு. ஏன் தவறு என்பதை வீட்டில் உட்கார்ந்தே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு கருவி இருக்கிறது. அதைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன், நல்லதும் குறையும் சேர்த்து.

கருவியின் பெயர் கால்டோப்போ. அமெரிக்காவில் தேடல் மீட்புக் குழுவில் தன்னார்வலராக இருந்த ஒருவர் ஆரம்பித்த வரைபட இணையதளம். மலையில் காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களுக்காக உருவானதால் அலங்காரம் எதுவும் கிடையாது. முதல் தடவை திறந்தால் பழைய அரசு அலுவலக மென்பொருள் மாதிரி இருக்கும், பயந்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு அடுக்கு: சாய்வுக் கோண நிறம். உலாவியில் திறந்து, வரைபட அடுக்குகள் பட்டியலில் அதை டிக் செய்தால் மலை முழுக்க மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம், கருப்பு என்று நிறங்கள் பரவும். இதற்குப் பணம் கட்டவேண்டியதில்லை.

ஏன் சாய்வு? பனியின் தன்மை, காற்று, வெப்பநிலை எல்லாம் நாளுக்கு நாள் மாறும். நேற்று உறுதியாக இருந்த அடுக்கு இன்று உடையலாம். சாய்வு மட்டும் மாறாது. பலகை பலகையாக உடைந்து வருகிற பனிச்சரிவுதான் அதிகம் பேரைக் கொல்கிறது, அது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடத்தில்தான் உடைகிறது. 30-க்குக் கீழே பனியை இழுக்கும் விசை பொதுவாகப் போதாது. 50, 60-க்கு மேலே பனி தங்குவதே இல்லை, விழ விழச் சிறிது சிறிதாக வழிந்துவிடும். நடுவில் இருக்கும் அந்தப் பட்டைதான் விவகாரம்: பனி மீட்டர் கணக்கில் குவியவும் முடியும், குவிந்தது மொத்தமாகக் கிளம்பவும் முடியும். பேக்கன்ட்ரியில், அதாவது பராமரிப்பு இல்லாத திறந்த மலைப்பகுதியில், மாட்டிக்கொள்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் சரிவைக் கிளப்பியது அவர்களே அல்லது கூட வந்தவர்கள் என்று பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அப்படியானால் அந்தப் பட்டையில் கால் வைக்காமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு, அதற்குப் பனி அறிவியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த அடுக்கை நான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிறங்கள் இப்படி: 27 முதல் 29 வரை மஞ்சள், 30-31 வெளிர் ஆரஞ்சு, 32 முதல் 34 வரை ஆரஞ்சு, 35 முதல் 45 வரை சிவப்பு, 46 முதல் 50 வரை ஊதா, 51 முதல் 59 வரை நீலம், அதற்கு மேல் கருப்பு. 27-லேயே மஞ்சளை ஆரம்பித்தது நல்ல முடிவு. வரைபடம் இரண்டு மூன்று டிகிரி தப்பாகச் சொல்வது சகஜம் என்பதால் எல்லைக் கோட்டுக்கு முன்பே ஒரு எச்சரிக்கை தேவை.

ஆனால் நிறங்களின் வரிசையில் எனக்கு ஒரு குறை உண்டு. சிவப்புக்குப் பிறகு ஊதா, நீலம், கருப்பு என்று போவதால், கருப்புதான் உச்ச ஆபத்து, சிவப்பு அதற்கு இரண்டு மூன்று படி கீழே என்று புதிதாகப் பார்க்கிறவர் எடுத்துக்கொள்கிறார். பனிச்சரிவுக் கணக்கில் அது தலைகீழ். கருப்பு என்பது பாறைச் சுவர், அங்கே நீங்கள் ஸ்னோஷூவோடு ஏறப்போவதில்லை. ஆளைக் கொல்லும் நிறம் சிவப்புதான், அதை ஒட்டியிருக்கும் ஆரஞ்சும்தான். நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஆரஞ்சைப் பார்த்து "மிதமான சாய்வு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 32 டிகிரி என்பது நின்று பார்த்தால் பயமாகவே இருக்காது. நல்ல பனிச்சறுக்குக்காரர்களுக்கு அதுதான் ஆசையான சாய்வு. சிக்கலே அங்கேதான்.

அடுத்து, கட்டம். இதை யாரும் விளக்குவதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வரைபடத்துக்கு நிலத்தின் ஒவ்வொரு புள்ளியின் உயரமும் தெரியாது. நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு உயரம் என்று வைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டத்தோடு ஒப்பிட்டுச் சாய்வைக் கணக்கிடுகிறது. லேசர் ஒளியால் உயரம் அளக்கும் லைடார் கருவியோடு விமானம் பறந்து அளந்த இடங்களில் கட்டம் 1 மீட்டர் வரை நுணுக்கமாக இருக்கும். மற்ற இடங்களில் 10, 20, 30 மீட்டர். 30 மீட்டர் கட்டம் என்று வையுங்கள். அதற்குள் 10 மீட்டர் உயரத்துக்கு 45 டிகிரியில் ஒரு மேடு இறங்கி, மீதி 20 மீட்டர் தட்டையாக இருக்கிறது. வரைபடத்தின் கணக்கு என்ன? 30 மீட்டருக்கு 10 மீட்டர் இறக்கம், அதாவது ஏறக்குறைய 18 டிகிரி. நிறமே கிடையாது, வெள்ளை! நிஜத்தில் அங்கே இருப்பது ஒருவரைத் தள்ளிப் புதைக்கப் போதுமான சாய்வு. ஆற்றங்கரை, சாலைக்காக வெட்டிய ஓரம், காட்டுக்குள் திடீரென்று மடங்கும் மேடு, இந்த மாதிரிச் சின்ன இடங்களை வரைபடம் விழுங்கிவிடும். மேல்பக்கம் மெதுவாகப் போய்ச் சட்டென்று வளைந்து இறங்குகிற, குவிந்த மேட்டின் வளைவில்தான் பனிப்பலகை இழுபட்டு உடைவது அதிகம், ஆனால் அந்த வளைவையே கரடான கட்டம் சராசரியாக்கித் தட்டிவிடுகிறது. மேலும் அது அளந்தது தரையை. அதன்மேல் காற்று கொண்டுவந்து குவித்த பனி தரையைவிடச் செங்குத்தாக இருக்கலாம், முகட்டின் விளிம்பில் தொங்கும் பனிக் கூரையான கார்னிஸ் எதுவும் இதில் தெரியாது.

எனவே நிறம் இருந்தால் நம்புங்கள்; நிறம் இல்லை என்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளையும் சேர்த்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். 1:50,000 வரைபடத்தில் 40 மீட்டர் இடைவெளிக் கோடுகள் என்றால், 30 டிகிரிக்கு இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.4 மில்லிமீட்டர்தான் இருக்கும், 45 டிகிரிக்கு 0.8 மில்லிமீட்டர். இரண்டு கோட்டுக்கு நடுவே 40 மீட்டருக்குள் ஒளிந்திருக்கும் மேடு இதிலும் தெரியாது, அதைக் கண்ணால்தான் பிடிக்கவேண்டும்.

சரி, இதெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை வேறு. அது கால்டோப்போவின் தவறும் இல்லை, சாய்வு நிறம் என்ற யோசனையிலேயே இருக்கும் குறை: நீங்கள் நிற்கும் இடத்தின் சாய்வைத்தான் அது சொல்கிறது. உங்கள் தலைக்கு மேலே இருக்கும் சரிவு கிளம்பினால் உங்களிடம் வந்து சேருமா என்று சொல்வதில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரோஜர்ஸ் பாஸ் என்ற மலைக் கணவாய்ப் பகுதியில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் கானாட் ஓடைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. கால்டோப்போவில் அதைத் திறந்து பாருங்கள். பள்ளத்தாக்கின் அடியில் பாலு பாஸ் நோக்கிப் போகும் பாதை நெடுகத் தட்டையும் மிதமான ஏற்றமுமாக, நிறமே இல்லாமல் அமைதியாகத் தெரியும். 2003 பிப்ரவரி 1 அன்று கால்கரி அருகிலிருந்து வந்த ஒரு பள்ளிக் குழு, 14 மாணவர்களும் 3 பெரியவர்களும், அந்தப் பள்ளத்தாக்கு அடியில்தான் ஸ்கீயில் (பனிச்சறுக்குப் பலகையில்) போய்க்கொண்டிருந்தார்கள். பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கச் சிக்னல் அனுப்பும் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பு), ஷவல் (பனி தோண்டும் மண்வாரி) எல்லாம் வைத்திருந்தார்கள். செங்குத்தான எந்த இடத்திலும் அவர்கள் ஏறவில்லை, யாரும் எதையும் கிளப்பவில்லை. சியாப்ஸ் மலையின் வடக்கு முகத்தில் மேலே தானாக உடைந்த பனி இறங்கி வந்து பள்ளத்தாக்கின் அடியை மூடியது. 7 மாணவர்கள் இறந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். இதை எத்தனை தடவை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

அதே ரோஜர்ஸ் பாஸில் 1910 மார்ச் 4 இரவு நடந்ததும் இதே பாடம்தான். சியாப்ஸ் மலைப் பக்கமிருந்து விழுந்த பனி ரயில் பாதையை மூடியிருந்தது, தொழிலாளர்கள் அதை வெட்டி அகற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் இருக்கும் அவலாஞ்ச் மலையிலிருந்து இன்னொரு சரிவு இறங்கி அவர்களை மூடிவிட்டது. 58 பேர் போனார்கள், அதில் 32 பேர் பிழைப்புக்காக ஜப்பானிலிருந்து வந்தவர்கள். பள்ளத்தாக்கில் நிற்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதற்குப் பிறகு ரயில்வே நிறுவனம் மலைக்கு அடியில் 8 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி 1916-இல் பாதையையே உள்ளே கொண்டுபோய்விட்டது.

நம் ஊர்க்காரர்கள் பலருக்குப் பனிச்சரிவு என்றதும் நினைவுக்கு வருவது 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 10 வீரர்கள் புதைந்த செய்திதான். அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ராணுவம், எல்லை, 19,000 அடிக்கு மேல் என்று அது நமக்கு எங்கோ தூரத்தில் நடப்பதாகத் தோன்றும். ஆனால் இங்கே ராக்கி மலையில் இருக்கும் லூயிஸ் ஏரிக் கரையோரமாகக் குழந்தையோடு நடந்து ஏரியின் கடைக்கோடியைத் தாண்டினால் நீங்களும் பனிச்சரிவு வந்து நிற்கும் நிலத்துக்குள் போய்விடுகிறீர்கள். தேசியப் பூங்காக்களை நடத்தும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடா அதை எழுதியே வைத்திருக்கிறது. பாதையோ தட்டை. வரைபடத்தில் பாதையின் மேல் நிறம் இருக்காது, இரண்டு பக்கமும் மேலே பார்த்தால்தான் இருக்கும்.

ஆகவே கால்டோப்போவை நான் பயன்படுத்தும் விதத்தைச் சொல்கிறேன், குறை தெரிந்தபின் அதுவே நல்ல கருவியாகிவிடுகிறது. முதலில் செயற்கைக்கோள் படத்தைக் கீழே வைத்து, அதன்மேல் சாய்வு நிறத்தைப் பாதி தெளிவாக வைக்கிறேன். நிறம் எவ்வளவு அழுத்தமாகத் தெரியவேண்டும் என்பதை நாமே நகர்த்திக்கொள்ளலாம், மிக நல்ல வசதி. இப்போது அடர்ந்த காட்டுக்கு நடுவே மேலிருந்து கீழாக வெளிர்ப் பச்சைக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளில் மரம் இல்லாததற்குக் காரணம், பனி வந்து வந்து மரங்களை வளரவிடாமல் துடைத்துவிட்டதுதான். ஒவ்வொரு கோட்டின் உச்சியிலும் சிவப்பு இருக்கும், கீழ் நுனி நிறமில்லாத தட்டையில் போய் முடியும். அந்தக் கீழ் நுனியை உங்கள் பாதை எங்கே வெட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் நின்று டீ குடிக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, ஒவ்வொருவராகக் கடக்கவேண்டும். பனிச்சரிவு அறிக்கை சொல்லும் அன்றைய ஆபத்து நிலை சரியில்லை என்றால் கடக்கவே கூடாது.

அப்புறம் கோடு வரைவது. பாதையில் சந்தேகமான ஒரு புள்ளியிலிருந்து மேலே சிவப்பின் உச்சி வரை ஒரு கோடு இழுத்து, அதன் உயர விவரத்தைத் திறந்தால் எவ்வளவு உயரம், எவ்வளவு கிடைமட்டத் தூரம் என்று வந்துவிடும். பெரிய பனிச்சரிவு, உடைந்த இடத்தைப் பார்த்து நீங்கள் அண்ணாந்து நோக்கும் கோணம் 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே குறையும் வரை கூட ஓடிவரலாம். எளிமையாகச் சொன்னால், உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரம். மேலே சிவப்பின் உச்சி உங்களைவிட 500 மீட்டர் உயரத்தில் என்றால், 1,500 மீட்டருக்குள் இருக்கும் எந்த இடத்தையும் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். 900 மீட்டர் உயரமும் 2,000 மீட்டர் தூரமும் என்றால் கோணம் 24 டிகிரி, அதாவது எட்டும் தூரத்துக்குள் நிற்கிறீர்கள். 900-க்கு 3,000 என்றால் 17-க்கும் குறைவு, ஓரளவு மூச்சு விடலாம். இது தோராயக் கணக்குதான். எல்லாச் சரிவும் இவ்வளவு தூரம் ஓடாது, பெரும்பாலானவை முன்பே நின்றுவிடும். ஆனால் மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று முடிவெடுக்க இந்தத் தோராயமே போதும்.

மலையில் நிற்கும்போது இதே கணக்கை வெறும் கையால் போடலாம். கையை முழுதாக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் உயரம் ஏறக்குறைய 10 டிகிரி. கண்மட்டத்திலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முஷ்டி. அதற்கு மேலும் திறந்த வெள்ளைச் சரிவு தெரிந்தால் நீங்கள் இருப்பது பனி ஓடிவரும் பாதையில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரிவின் கோணத்தை அளக்க, ஸ்கீ போலை (கையில் ஊன்றும் கோலை) சரிவின் போக்கிலேயே பனியின்மேல் படுக்கவைத்து அதன்மேல் கைபேசியை ஓரமாக வைத்தால் அதில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலி சொல்லிவிடும். அளக்கிற இடமே பாதுகாப்பான சின்னச் சரிவாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

வரைபடம் காட்டாத மற்றதை நிலம் காட்டும். மரத்தின் மேட்டுப் பக்கத்துக் கிளைகள் மொட்டையாகி, பள்ளத்துப் பக்கம் மட்டும் கிளை இருந்தால் அங்கே பனி வந்து போகிறது. முதிர்ந்த காட்டுக்கு நடுவே எல்லா மரமும் ஒரே உயரத்தில் இளசாக நின்றால், சில வருடங்களுக்கு முன் பெரிய சரிவு ஒன்று வந்து பழையதை அழித்திருக்கிறது. "காடுதானே, பிடித்துக்கொள்ளும்" என்பதும் அரைகுறை உண்மை. ஸ்கீயில் நுழைந்து போகச் சிரமமாக இருக்கும் அளவுக்கு நெருக்கமான காடுதான் பனியைப் பிடிக்கும், வசதியாக வளைந்து வளைந்து போக இடம் இருந்தால் பனிக்கும் இடம் இருக்கிறது. பக்கத்துச் சரிவில் புதிதாக உடைந்த தழும்பு, காலடியில் "வும்ஃப்" என்று அடங்கிய சத்தம், ஸ்கீ முனையிலிருந்து பாய்ந்து ஓடும் விரிசல், இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்குத் திட்டத்தை மாற்றிவிடவேண்டியதுதான். இவற்றில் எதையும் எந்தச் செயலியும் சொல்லாது.

பள்ளமான இடங்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சின்னச் சரிவுகூட ஓடைப் பள்ளத்துக்குள் உங்களைத் தள்ளினால், பரந்த இடத்தில் முழங்கால் அளவுக்குப் படியும் பனி அங்கே ஆள் உயரத்துக்கு மேல் குவியும். கீழே பாறை விளிம்பு இருந்தாலும், மரக்கூட்டம் இருந்தாலும் அதே கதி. கால்டோப்போவில் ஓடைப் பள்ளங்களைக் கண்டுபிடிக்கச் சாய்வு நிறத்தைவிட நிழல் காட்டும் அடுக்கு நன்றாக உதவுகிறது, நுணுக்கமான தரவு உள்ள இடங்களில் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். ஆழம் கூடினால் அந்த நிமிடங்கள் தோண்டுவதிலேயே போய்விடும்.

கனடாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு இலவசக் கருவி உண்டு: அவலாஞ்ச் கனடாவின் பயணத் திட்டக் கருவி. 2003-இன் மரணங்களுக்குப் பிறகு நடந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக, 2004-இல் ரெவெல்ஸ்டோக்கைத் தலைமையிடமாக வைத்து உருவான லாபநோக்கில்லாத அமைப்பு அது. அதே காலத்தில் பார்க்ஸ் கனடா ஏடிஇஎஸ் என்ற நிலத் தரவரிசையை உருவாக்கியது: எளிய நிலம், சவாலான நிலம், சிக்கலான நிலம் என்று மூன்று வகை. 2023-இல் வந்த புதிய வடிவத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று சேர்த்து, பனிச்சரிவே எட்டாத நிலம், அதிதீவிர நிலம் என்பதையும் சொல்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சாய்வை மட்டும் பார்க்காமல் மேலே என்ன இருக்கிறது, எவ்வளவு அடிக்கடி வருகிறது, தப்பிக்க மாற்று வழி உண்டா, காடு எவ்வளவு நெருக்கம் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தரம் போடுவது. பயணத் திட்டக் கருவியில் அந்த நிலத் தரத்தையும் அன்றைய ஆபத்து நிலையையும் ஒன்றாக வைத்து, போகலாமா, கூடுதல் கவனம் வேண்டுமா, வேண்டவே வேண்டாமா என்று காட்டுகிறார்கள். கால்டோப்போ விடும் ஓட்டையை இது அடைக்கிறது. ஆனால் இது தரும் தரம் ஒரு பகுதி முழுவதற்குமானது. அந்தப் பகுதிக்குள் இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்ற கேள்விக்கு மறுபடி கால்டோப்போவுக்குத்தான் வரவேண்டும். இரண்டையும் இரண்டு ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

சுவிட்சர்லாந்துக்காரர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் ஒயிட் ரிஸ்க் தளத்தில் பனி உடையக்கூடிய இடம், தூரத்திலிருந்தே கிளப்பிவிடக்கூடிய இடம், ஓடி வந்து நிற்கும் இடம் என்று தனித்தனியாக நிறம் தீட்டி வைத்திருக்கிறார்கள். நாட்டின் நிலம் முழுக்க நுணுக்கமாக அளந்து வைத்திருப்பதால் முடிகிறது. கனடாவின் மலைகள் எல்லாவற்றுக்கும் அந்த மாதிரி ஒன்று வந்தால் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

கைபேசிச் செயலி பற்றி. உலாவியில் இலவசமாகப் பார்ப்பது எல்லாம் வீட்டுக்கு மட்டும். மலையில் சிக்னல் இருக்காது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும், அதற்குச் சந்தா வேண்டும். வருடக் கட்டணம்தான், ஒரு நல்ல ஜோடிக் கையுறையின் விலையோடு ஒப்பிட்டால் நியாயம். செயலி உறுதியானது, ஆனால் அழகில்லை. இறக்கி வைத்த பகுதி எது, வைக்காதது எது என்று கண்டுபிடிக்கப் புதியவர்கள் தடுமாறுவார்கள். எனவே வீட்டிலேயே கைபேசியை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, சாய்வு அடுக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூன்று பரிமாணத்தில் மலையை அழகாகச் சுழற்றிக் காட்டிய ஃபாட்மேப்பைப் பலர் நம்பியிருந்தார்கள். அதை உடற்பயிற்சிச் செயலி நிறுவனமான ஸ்ட்ராவா வாங்கி 2024 அக்டோபரில் மூடிவிட்டது. ஒரே செயலியை நம்பி இருக்கவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்: கால்டோப்போவில் காகிதத்தில் அச்சிட அருமையான வசதி இருக்கிறது, சாய்வு நிறத்தோடு சேர்த்தே அச்சாகும். குளிரில் கைபேசி அணைந்தாலும் சட்டைப்பையில் காகிதம் இருக்கும். கைபேசியைப் பீக்கனிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், தேடும்போது 50. இல்லையென்றால் சிக்னலைக் குழப்பும்.

இன்னொரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்னோஷூ வாடகைக்குத் தரும் ஒரு கடையில் எங்கே போகிறோம் என்று சொன்னபோது கால் அளவு, எடை எல்லாம் கேட்டார்கள். பனிச்சரிவு அறிக்கை பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் வரிசையில் நின்றவர்கள் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த குடும்பம், அவர்களிடமும் கேட்கவில்லை. வாடகைச் சீட்டின் பின்பக்கத்தில் அவலாஞ்ச் கனடா இணைய முகவரியை அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து செய்யுங்கள்.

இந்த வரைபடம் பயிற்சிக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். மரங்கள் வளரும் எல்லையான மரக்கோட்டுக்கு மேலே போகிற ஆசை இருந்தால் ஏஎஸ்டி 1 என்ற அடிப்படைப் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பில் சேருங்கள். பொதுவாக இரண்டு நாள், ஒரு பகுதி பாடம், ஒரு பகுதி மலையில். அதில் கற்றுத் தருகிற நிலம் பார்க்கும் கண் வந்துவிட்டால் இந்த நிறங்களும் வேறு மாதிரி பேச ஆரம்பிக்கும். வகுப்புக்கு முன்னால் அவலாஞ்ச் கனடாவின் அவி சாவி இணையப் பாடத்தை இலவசமாகவே படித்துவிடலாம்.

என் தீர்ப்பு: வீட்டில் திட்டமிட இலவசக் கால்டோப்போ, ஐந்துக்கு நாலரை. தட்டையான பாதையில் மட்டும் நடப்பவர்களும் ஒருமுறை திறந்து, பாதையை விட்டுவிட்டு அதன் இரண்டு பக்கமும் மேலே பாருங்கள். மலையில் எடுத்துப்போகச் சந்தா, மாதம் ஒரு தடவையாவது போகிறவர்களுக்குத் தேவை, வருடத்துக்கு ஒரு முறை போகிறவர்களுக்குக் காகித அச்சு போதும். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது நிறங்களின் வரிசைக்காக. ஓடி வந்து நிற்கும் இடத்தையும் ஒரு நிறத்தில் காட்டும் அடுக்கு கனடா மலைகள் முழுமைக்கும் வந்தால் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.